கேலியில் வேலை

கடற்படையில் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஒரு தடவைகூட நான் பீரங்கி சுட்டதில்லை. ஆனால் எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியில் யாரைக் கேட்டாலும் சுட்டிருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். எல்லாம் என் அப்பா அம்மாவாசி செய்த வேலை.

நான் கப்பலில் சமையல்காரன். சரக்குக் கப்பல்களைக் கொள்ளைக்காரர்கள் மறிக்கிற கடலுக்குக் காவல் போனபோது நாலு மாதம் சப்பாத்தி போட்டேன். வெளிநாடு ஒன்றில் சண்டை மூண்டு, நம் ஆட்களைத் துறைமுகத்திலிருந்து ஏற்றி வந்தோம். இருநூறு பேருக்கு வடிக்கிற அடுப்பில் அன்றைக்கு அறுநூறு பேருக்கு வடித்தேன். ஒரு தீவில் சுற்றிலும் கடல் கிடக்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். புயலடித்த கரையோர ஊர்களுக்குப் பொட்டலம் கட்டி என் விரல் மரத்துப்போனது. கடற்படை என்றால் சுடுவது மட்டும்தான் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சண்டை இல்லாத நாளில்தான் எங்களுக்கு வேலை அதிகம்.

விடுமுறைக்கு வந்தால் டீக்கடையில் வேல்பாண்டி அண்ணன் பிடித்துக்கொள்வார். "ஏப்பா சசி, இந்தத் தடவ எத்தன கப்பல முக்குன?"

பக்கத்தில் அப்பா இருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார். "அதெல்லாம் ரகசியம்ப்பா. வெளிய சொல்லக் கூடாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார். அந்தச் சோற்றை வடித்தவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. முதல் கப்பலுக்குப் போன வாரமே என் வேலை என்னவென்று கடிதம் எழுதினேன். அவரிடமிருந்து வந்த பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். 'தம்பி, கடுதாசி கிடைத்தது. ஊர் விட்டு ஊர் போனால் அப்படித்தான். பொறுத்துக்கொள். இங்கே யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே.' கரண்டி பிடிக்கிற மகனை நினைத்து அப்பாவுக்கு அவமானம் என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எங்கள் கப்பலைப் பார்க்க வரச் சொன்னால், "திராட்சைக்கு மருந்தடிக்கணும்" என்பார். எனக்கு வலிக்கத்தான் செய்தது.

போன ஐப்பசியில் நான் விடுமுறையில் இருந்தபோது மலையில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் ஆற்றோரத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி எல்லோரையும் கல்யாண மண்டபத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இருநூற்று அறுபது பேர். முந்தின ராத்திரியிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. அரிசி வந்துவிட்டது, மண்டபத்தில் அண்டாவும் அடுப்பும் இருந்தன. பக்கத்து டவுன் கம்பத்திலிருந்து வரவேண்டிய சமையல்காரர் மட்டும் வரவில்லை. பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடியது.

நானும் அப்பாவும் உதவிக்குப் போயிருந்தோம். வேல்பாண்டி அண்ணன் என்னைப் பார்த்ததும், "நேவிக்காரன் வந்துட்டான். சொல்லுப்பா, என்ன செய்யலாம்?" என்றார்.

நான் சட்டைக் கையை மடித்தேன். அப்பா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அடுப்படிக்கெல்லாம் நீ போகாத. ஆபீசர் கணக்கா இங்கன நில்லு. நாலு பேரு பாப்பாக."

உள்ளே போனால் என் கை பழகின கை என்று ஐந்து நிமிடத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டு வருடமாக அப்பா கட்டிய மானம் அவர் கண் முன்னாலேயே சரியும். போகாவிட்டால் மண்டபம் முழுக்க அழுகிற பிள்ளைகள் பாலத்தில் தண்ணீர் வடிகிறவரை அழும்.

"பசிச்சுக் கெடக்காகப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கைக்குழந்தைகளுக்கு முதலில் தண்ணீர் காய்ச்சி வைத்தேன். முப்பது கிலோ அரிசியை இரண்டு அண்டாவில் பிரித்துப் போட்டேன். பருப்பு ஒரு பக்கம் வெந்தது. பத்துக் கிலோ வெங்காயத்தை நான் நறுக்கி முடித்தபோது, உடன் வேலை செய்த நாகஜோதி அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்தார்.

"அண்டாவுல இன்னும் எடம் கெடக்கே தம்பி. ரொப்பிர வேண்டியதுதான?"

"பழகிருச்சுக்கா. கப்பல் ஆடும். ரொப்புனா மேல கொட்டிரும். கேலியில எப்பவும் முக்காப் பங்குதான்."

"கேலியிலயா?"

"கப்பல்ல அடுப்படிக்குக் கேலின்னுதான் பேரு. இங்கிலீஷு. நான் அங்கன சமைக்கிறவன்க்கா." சொல்லிவிட்டேன்.

வாசலில் ஏதோ விழுகிற சத்தம். அப்பா தூக்கிவந்த எண்ணெய் டின்னைக் கீழே போட்டுவிட்டு நின்றிருந்தார்.

"ஏலே, என்ன சொன்ன?"

"அடுப்படிக்கு..."

"நீ கடுதாசியில எழுதுனது இதத்தானா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'அப்பா, இங்கே எனக்குக் கேலியில்தான் வேலை. போகப் போகப் பழகிவிடும்' என்று எழுதியிருந்தேன். அதற்கு மேல் ஒரு வரி விளக்கவில்லை. என் மடத்தனம்.

"ஒன்ன அங்கன யாரும் கேலி பண்ணலியா?"

"இல்லப்பா."

அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். "பாஷ தெரியாத ஊர்ல எம்புள்ளையச் சுத்தி நின்னு சிரிக்கிறாகன்னு நெனச்சேன்டா. பன்னெண்டு வருசம். கேட்டா ஒம்மனசு நோகும்னு கேக்கவே இல்ல. கப்பலுக்கு வந்து அதக் கண்ணால பாக்கவும் முடியாதுன்னுதான் வரல. அங்கனதான் மரியாத இல்ல, இங்கனயாச்சும் இருக்கட்டும்னு பீரங்கி சுடுறான்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

பன்னிரண்டு வருடமாக இந்த மனிதர் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். வெங்காயம் நறுக்கி அரை மணி நேரமாகியிருந்தது. என் கண் கலங்கியதற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

"சோறு கொழஞ்சிரும், பாரு" என்றார் அப்பா.

பந்தி போட்டபோது சாம்பார் வாளியை அவரே வாங்கிக்கொண்டார். மூன்றாவது வரிசையில் வேல்பாண்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்ன சித்தப்பா, மகன் பீரங்கி சுடுறான்னு சொன்னீக. இப்படிச் சமைக்கிறான்?"

"பீரங்கி நான் சுட்டது. அம்புட்டும் பொய்" என்றார் அப்பா. "எம்மகனுக்குக் கேலியில வேல. கேலின்னா அடுப்படிப்பா, நீ பாட்டுக்கு வேறெதையும் நெனச்சுராத."

அண்ணனுக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். அங்கே இருந்தவர் எதுவும் கேட்கவில்லை. அவரிடமும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.