கேனும் கையுமாக

பொதுக் கழிப்பறை வரிசையில் மகளோடு ஆறாவது ஆளாக நின்ற சாயிரா, துணிப்பைக்குள் இருந்த ஐந்து லிட்டர் கேனை முந்தானையால் இன்னொரு தடவை மூடிக்கொண்டாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் கழித்த சிறுநீர் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பகலில் வீட்டுக்குள் குளிக்கிற மூலையான மோரியிலேயே சமாளித்துவிட்டாள். காலைக்கடனுக்குத் தாராவியில் வரிசைக்கு வராமல் தீருமா? ஒரு நாள் முழுக்கச் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

மூன்றாவது தடவையாகச் சிறுநீரகத்தில் கல். முதல் இரண்டு தடவையும் குழாய்த் தண்ணீர்மேல் பழியைப் போட்டாயிற்று. இந்தத் தடவைதான் டாக்டர் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து கூடியிருப்பதைக் கண்டுபிடித்து, குடும்பத்தில் வேறு யாருக்குக் கல் வந்தது என்று கேட்டார். உம்மாவுக்கு, தென்காசியில் இருக்கும் உடன்பிறந்த லாத்தாவுக்கு, லாத்தா மகனுக்கு என்று விரலை மடக்கியபோது சாயிராவுக்கே ஆச்சரியம். தென்காசித் தண்ணீரும் தாராவித் தண்ணீரும் ஒன்றா என்ன? கழுத்துக்குள் பயறளவு சுரப்பிகள் இருக்கின்றனவாம். அவை தாறுமாறாக வேலை செய்தால் எலும்பிலிருக்கும் சுண்ணாம்பு ரத்தத்துக்கு வந்து, சிறுநீரகத்தில் கல்லாகுமாம். சில குடும்பங்களில் அது வழிவழியாக வருமாம். டாக்டர் இந்தியில் சொல்லச் சொல்ல, மகள் மர்யம் தமிழில் சொன்னாள். தன் எலும்பு தன்னையறியாமல் கரைந்து கேனுக்குள் போகிற விந்தை சாயிராவை விட்டபாடில்லை.

ஆனால் மர்யமுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். "அவளுக்கு ஒண்ணுமில்ல" என்று சாயிரா அவசரமாக எழுந்துவிட்டாள். மர்யமுக்கு இருபது வயது. வெள்ளிக்கிழமை தேவ்நாரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் மாமி நுஸ்ரத் இதே தெருக்காரி. இப்போது வரிசையின் முதல் ஆளாக நிற்கிறாள்.

"ஏட்டி சாயிரா, பையில என்ன?" பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள்.

"மருந்து, அக்கா."

"மருந்து மஞ்சளாவா இருக்கும்?"

வரிசை சிரித்தது. மானம் போயிற்று. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சாயிரா டாக்டர் சொன்னது உட்பட உள்ளதைச் சொன்னாள். சிரிப்பு அடங்கியது. "எங்க வீட்டுக்காரவுகளுக்கும் நாலு தடவ கல்லு, அவுக அண்ணனுக்கும். இந்தக் கேன எங்கட்டி குடுக்காவ?" என்றாள் ஒருத்தி. சாயிராவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"குடும்பத்துல வாரதுன்னா, மர்யமுக்கும் இருக்குமோ?" என்றாள் முப்பிடாதியம்மாள்.

நுஸ்ரத் திரும்பினாள். இல்லை என்று சொல்ல சாயிரா வாயெடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற மர்யம் முந்திக்கொண்டாள்.

"தெரியல பெரியம்மா. நாளைக்கு ரத்தம் குடுக்கப் போறேன்."

யாரைக் கேட்டு? சாயிராவுக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. இவளுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு அதற்கும் மேலாக வந்தது. மூன்று நாளாக அதைத்தான் அமுக்கி வைத்திருந்தாள்.

"தனியாப் போகாத. நானும் வாரேன்" என்றாள், நுஸ்ரத்துக்குக் கேட்கும்படியாகவே.

கழிப்பறைக் கதவு திறந்து ஒருத்தி வெளியே வந்தாள். உள்ளே போக வேண்டிய நுஸ்ரத் மர்யமையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது. அவளை அவசரப்படுத்தாமல், அவள் என்ன சொல்வாள் என்று வரிசை முழுவதும் அவள் முகத்தையே பார்த்தது.