ஓடில்லாத முட்டை

ஆறு பெட்டைக் கோழிகளுக்கும் கொண்டை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. முதுகில் கை வைத்தால் இறக்கையைப் பரப்பிப் பதுங்கின. இன்றோ நாளையோ முட்டை என்று ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அவர் வம்சத்தில் சொன்ன சொல் தவறியதில்லை. குஞ்சு வந்த நாளிலிருந்து ஐந்து மாதமாகத் தீனி வைப்பவரும் அவர்தான். கண்ட பொடியையும் கலக்கக் கூடாது என்று புடைத்த அரிசியும் சோளமும் மட்டுமே வைத்தார்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டுக்குள் கிடந்ததைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. முட்டைதான். ஆனால் ஓடே இல்லை. விரல் பட்டதும் தண்ணீர்ப் பை போலக் குழைந்தது. இந்த வீட்டின் முதல் முட்டை இப்படியா? சுற்றுமுற்றும் பார்த்தார். மருமகள் குளியலறையில் இருந்தாள். எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். மண்ணை மிதித்துவிட்டு, கை கழுவி, செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை காலை சிவப்புப் பெட்டை தீனிக்கு வரவில்லை. வாலைத் தொங்கவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்று முக்கியது.

"மாமா, கண்ணை மூடுது மாமா!"

"ஒண்ணுமில்லம்மா. முதல் தடவை. வெட்கப்படுது."

"வெட்கப்பட்டா இப்படியா மூச்சு வாங்கும்?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். பதினைந்து வருடமாகக் கோழி வளர்ப்பவள். "அண்ணே, இதுக்கு முன்னாடி ஏதாவது முட்டை போட்டுச்சா? ஓடு எப்படி இருந்துச்சு?"

இல்லை என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது கோழி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"ஆறுல எதுவோ ஒண்ணு போட்டுச்சும்மா. ஓடே இல்ல. நான் புதைச்சிட்டேன்."

"புதைச்சீங்களா! காரியமும் பண்ணிட்டீங்களா?" என்றபடியே அவள் வாசல் சுற்றி ஓடிவந்துவிட்டாள். "சுண்ணாம்புச் சத்து பத்தல அண்ணே. முட்டை உள்ள மாட்டிக்கிட்டிருக்கு. வெந்நீர் கொண்டா பொண்ணே, கை பொறுக்குற சூட்டுல! ஒரு மணி நேரத்துல வரலன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும்."

மருமகள் பறந்தாள். வாளி வந்தது. தலைமை எழுத்தர் சட்டைக் கையை மடிக்கக்கூட நிற்கவில்லை. முழங்கை வரை நனைய, கோழியை வெந்நீரில் இறக்கி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது. அவருடையது அதைவிட வேகமாக அடித்துக்கொண்டது.

"வயித்தை அமுக்கிடாதீங்க. உள்ளேயே உடைஞ்சா உசுருக்கே ஆபத்து."

"மூச்சே விடலம்மா நான்."

கால் மணி நேரம் போனது. தண்ணீர் ஆற ஆற மருமகள் சூடு சேர்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று கோழி கழுத்தை நீட்டி ஒரு முக்கு முக்கியது. வாளிக்குள் ப்ளக் என்று ஒரு சத்தம்.

"விழுந்துருச்சு! மாமா, விழுந்துருச்சு!"

மருமகள் கையை விட்டு எடுத்தாள். காகிதம்போல மெல்லிய ஓடு, மேலே ஒரு பொட்டு ரத்தம், ஒரு பக்கம் சொரசொரப்பு. சிவப்புப் பெட்டை கண்ணைத் திறந்து, உடம்பை ஒரு உதறு உதறி மூன்று பேரையும் குளிப்பாட்டியது.

"இதையும் ரகசியமா வைக்கணுமா அண்ணே?" என்றாள் தையல்காரி.

தலைமை எழுத்தர் நனைந்த சட்டையோடு நிமிர்ந்து நின்றார். முட்டையை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். "எதுக்கும்மா? எங்க வீட்டுப் பொண்ணு தலைப்பிரசவத்துல பொழைச்சு வந்திருக்கா. இன்னும் அஞ்சு பேர் வரிசையில நிக்குறாங்க. அந்தச் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன வைக்கணும், சொல்லு. எழுதிக்கிறேன்."