அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

பதினைந்தாவது கடிதத்துக்கும் பதில் வந்துவிட்டது. பீட்டர் அதை மாடிப்படியில் நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் கசக்கி எறியத்தான் கை போனது. ஆனால் முத்திரை வைத்த அரசாங்கக் காகிதமாயிற்றே, நாளைக்கு எவனாவது ஒரிஜினல் எங்கே என்று கேட்டால்? நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருபத்தேழு வருஷமாகச் சர்வேயராக இருப்பவர் கோபத்தில்கூட ஃபைல் போடத்தான் செய்வார்.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஒரு விமானப்படைத் தளம். அதன் ஓடுபாதை முடிகிற இடத்திலிருந்து எழுநூறு மீட்டர் தள்ளி, மதில் சுவருக்குப் பின்னால் ஒரு சந்தில் பீட்டரின் வீடு. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது அப்பா கையில் கிடைத்ததை வைத்து வாங்கிய மனை. கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள். முதல் மாடி அண்ணன் ஆண்டனிக்கு, இரண்டாவது மாடி பீட்டருக்கு. நாற்பத்தோரு படிகள்.

அந்த நாற்பத்தோரு படிகளைப் பீட்டரின் மனைவி அல்போன்சா இறங்கிப் பதினெட்டு மாதம் ஆகிறது. முடக்குவாதம். முழங்கால் இரண்டும் வீங்கிக் கல்லாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஏழரைப் பூசைக்கு காக்ஸ் டவுன் கோயிலில் மூன்றாவது பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவள், இப்போது கட்டிலில் சாய்ந்தபடி ஃபோனில் பூசை பார்க்கிறாள். நடுவில் விளம்பரம் வருகிறது. அப்பம் எடுத்து உயர்த்தும்போது பிரஷர் குக்கர் விளம்பரம் வந்தால் மனுஷிக்கு எப்படியிருக்கும்?

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. தரையில காலு வெக்கணும். அவ்ளோதான்" என்பாள்.

அதற்காகத்தான் லிஃப்ட். பீட்டர் கடன் வாங்கி, கம்பெனி பிடித்து, வீட்டின் பின்பக்கம் லிஃப்ட் போகிற கூண்டை மொட்டைமாடி வரை எழுப்பிவிட்டார். அதற்கு மேல் மோட்டார் வைக்க லிஃப்ட் ரூம் என்று ஒன்று கட்டினால்தான் லிஃப்ட் இரண்டாவது மாடி வரைக்கும் வந்து நிற்கும். பழைய விதிப்படி அனுமதியும் வாங்கியாயிற்று. செங்கல் வந்து இறங்கிய வாரத்தில்தான் அந்த அறிவிப்பு வந்து தலையில் விழுந்தது. படைத்தளத்தின் ஓரத்தில் ஒரு சின்ன டெர்மினல் கட்டி, மாவட்டத்து ஊர்களுக்குச் சின்ன விமானங்கள் விடப்போகிறார்களாம். ஓடுபாதை படைக்காரர்களுடையது, டெர்மினல் சிவில்காரர்களுடையது. பயணிகள் வருவதால் சுற்றுவட்டாரக் கட்டடங்களின் உயரத்தைப் புதிதாக அளக்க வேண்டும், அதுவரை எவனும் ஒரு செங்கல்கூட மேலே ஏற்றக் கூடாது.

அளக்கும் ஒப்பந்தம் யாருக்குக் கிடைத்தது? பீட்டர் வேலை செய்கிற கம்பெனிக்குத்தான். மனுஷனுக்கு அன்றைக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள். நம் கையால் நாமே அளந்து சீக்கிரமாக முடித்துவிடலாம் என்று அல்போன்சாவுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

அங்கேதான் சனி பிடித்தது. தளத்தின் மேற்குப் பக்கத்தை அளக்க ஓர் ஆதாரப் புள்ளி வேண்டும். கடல் மட்டத்திலிருந்து அது எத்தனை உயரம் என்று மில்லிமீட்டர் சுத்தமாகக் கண்டுபிடித்து, அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் கணக்கிடுவார்கள். தினமும் தூரத்துக்கு ஓடுவானேன் என்று பீட்டர் தன் வீட்டு வாசற்படியிலேயே ஒரு பித்தளைக் குமிழைப் பதித்துவிட்டார். மூன்று நாள் வெயிலில் நின்று, நான்கு முறை சரிபார்த்து, வேலையின் சுத்தத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

சந்தில் இருந்த மற்ற வீடுகளையெல்லாம் தூரத்திலிருந்தே அளந்தார்கள். அப்படி அளந்தால் ஒரு மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று விதியிலேயே சலுகை உண்டு. எதிர்வீட்டுக்காரன் உயர வரம்பை எண்பது சென்டிமீட்டர் மீறியிருந்தான். சலுகைக்குள் அடங்கிவிட்டான். அடுத்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி எழுபது. அதுவும் தப்பித்தது. மொத்தம் அளந்த நூற்றுப் பதினெட்டுக் கட்டடங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சலுகை கிடையாது. ஏனென்றால் வாசலிலேயே ஆதாரப் புள்ளி இருக்கிற வீட்டின் உயரத்தில் சந்தேகமே இல்லை. லிஃப்ட் ரூம் கட்டினால் பீட்டரின் வீடு அறுபத்திரண்டு சென்டிமீட்டர் மீறும். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பீட்டர்தான். வேலையில் சுத்தமாக இருந்ததற்கு இப்படியொரு தண்டனை உலகத்தில் வேறு எவனுக்காவது கிடைத்திருக்குமா? வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் பதினான்கு மாடி அடுக்ககம் ஒன்று சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கிறது. கேட்டால், அது முன்பே இருந்தது, அதனால் பரவாயில்லையாம்.

லிஃப்ட் கம்பெனிக்காரன், இந்த மாடலுக்கு ரூமின் உயரத்தை ஒரு அங்குலம்கூடக் குறைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டான். பீட்டர் கடிதம் எழுத ஆரம்பித்தார். சிவில் அலுவலகத்துக்கு எழுதினால், ஓடுபாதை படையுடையது, அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று பதில் வரும். படைக்கு எழுதினால், பயணிகள் விமானத்துக்கான விதி சிவில்காரர்களுடையது, அங்கே போங்கள் என்று வரும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூட்டுக் கமிட்டி வைத்திருந்தார்கள். அதற்கு எழுதினால், கமிட்டி கூடும் தேதி முடிவானதும் தெரிவிக்கப்படும். சிவில் அலுவலகத்தில் ஒரு அம்மாள், பார்க்கும்போதெல்லாம் சிரித்த முகமாக, "நிம்ம ஃபைல் மூவ் ஆக்தா இதே சார்" என்பார். ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறதாம். அல்போன்சாதான் நகர முடியாமல் கிடந்தாள்.

போன மாதம் தளத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தார். வாசலில் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கனாக ஒரு வில்லை கொடுத்தார்கள். அந்த வில்லையைக் கையில் வாங்கும்போதெல்லாம் பீட்டருக்கு அப்பா ஞாபகம் வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால், வடக்கே இன்னொரு படைத்தளத்தில் இதேபோல் ஃபோனைக் கொடுத்துவிட்டு உள்ளே அளந்துகொண்டிருந்தபோதுதான் அப்பா செத்துப்போனார். வெளியே வந்து பார்த்தால் நாற்பத்து மூன்று மிஸ்டு கால். ஓடோடி வந்து சேர்வதற்குள் ஆண்டனி அப்பாவைத் தங்கவயலுக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டிருந்தான். ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா என்று பீட்டர். அப்பன் சாகும்போது ஃபோனை எடுக்காதவனுக்காகக் காத்திருக்க முடியாது என்று ஆண்டனி. அன்றிலிருந்து பேச்சில்லை. ஒரே படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

உள்ளே இருந்த விங் கமாண்டர் நல்ல மனிதர்தான். டீ கொடுத்தார். "மிஸ்டர் பீட்டர், யுவர் சர்வே இஸ் எக்ஸலென்ட். அதனாலதான் நான் ஒண்ணும் செய்ய முடியல" என்றார் கோயம்புத்தூர்த் தமிழில். பீட்டர் அந்த டீயைக் குடிக்கவில்லை.

இப்போது பதினைந்தாவது பதில். கமிட்டி கூடிவிட்டதாம். மனிதாபிமான அடிப்படையில் பரிசீலித்ததாம். லிஃப்ட் ரூமை மொட்டைமாடிக்கு மேல் எழுப்பக் கூடாது. ஆனால் ரூமைக் கூண்டுக்குள்ளேயே அடக்கி, லிஃப்டை முதல் மாடி வரைக்கும் இயக்கிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

பீட்டர் மேலே வந்து கட்டிலருகே நின்று அதைப் படித்துக் காட்டினார். அல்போன்சா முழுவதையும் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"மொத மாடிக்கு லிஃப்ட்டா? உங்க அண்ணன் ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறுற ஆளு. அவருக்கா லிஃப்ட்டு?"

"இன்னொரு லெட்டர் போடறேன். டெல்லிக்கே போடறேன். இவனுங்கள நான் வுடப் போறதில்ல."

அல்போன்சாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னாங்க, ஆகாசத்துக்கு பதினஞ்சு லெட்டர் எழுதினீங்களே. கீழ் வூட்டுக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா? நாம கீழ போயி, அவங்க மேல வந்தா தீந்துபோச்சு. லிஃப்ட்டும் மொத மாடில நிக்கும்."

"அவன்கிட்டயா?"

"நான் கேக்கறேன்னு சொன்னப்ப, 'அவன்கிட்ட போயி நிக்கறதுக்கு நான் செத்துடலாம்'னு சொன்னீங்க. நீங்க சாவல. நான்தான் இங்க கெடக்கறேன்."

பீட்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கமிட்டியைத் திட்டினார், விதியைத் திட்டினார், அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அல்போன்சா கால்களைக் கையால் தூக்கி ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் அவர் வெளியே வந்துவிட்டார். வந்தவர் படியிறங்கினார்.

கதவைத் திறந்தது ஆண்டனியின் மனைவி உஷா. உள்ளே ஆண்டனி பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தம்பியைப் பார்த்ததும் கை அப்படியே சோற்றில் நின்றுவிட்டது. கமாண்டர்களுக்கும் கமிட்டிக்கும் பக்கம் பக்கமாக எழுதிய பீட்டருக்கு, இங்கே முதல் வார்த்தை வாயில் வரவில்லை.

"ண்ணா" என்றார் கடைசியில். "வூட்ட மாத்திக்கலாமா? அல்போன்சாவால எறங்க முடியலண்ணா."

ஆண்டனி தண்ணீரை எடுத்துக் குடித்தான். "சரி" என்றான். "ஞாயித்துக்கெழம சாமானத் தூக்கிடலாம்."

அவ்வளவுதான். பீட்டர் இன்னும் ஏதோ வரும் என்று நின்றுகொண்டிருந்தார். வந்தது உஷாவிடமிருந்து.

"இந்த சரிய வாங்க நான் ஒன்றர வருஷமா இவரோட சண்ட போடறேன். மேல் வூட்டுல அல்போன்சா நோவுல கத்தறது இங்க கேக்குது. நாமளே போயி சொல்லலாம்னா, 'அவன் வந்து கேக்கட்டும், அப்பறம் பாக்கலாம்'னு உக்காந்துகினு இருந்தாரு உங்க அண்ணன்."

ஆண்டனி மறுக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் பீட்டருக்கு இருந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உலுக்குவது? திரும்பிப் படியேறினார்.

அல்போன்சா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாரு?"

"சரின்னுட்டான். ஞாயித்துக்கெழம மாத்திக்கலாம்னான்."

அவள் முகம் மலரும் என்று பீட்டர் எதிர்பார்த்தார். மலரவில்லை.

"கேக்க எவ்ளோ நேரமாச்சு?" என்றாள்.

அவர் பொய் சொல்லப் பார்த்தார். பழக்கமில்லாததால் வரவில்லை. "ரெண்டு நிமிஷம்" என்றார்.

"ரெண்டு நிமிஷம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பீட்டர் தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையை எடுத்து அப்பால் போட்டாள்.