ஐந்தாம் எண் வண்டிக்கு நான் எழுதிய வரலாறு

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. ஆர்டரின் பேரில் வந்தது. 1996 சித்திரையில், அவிநாசி சாலையில் நூற்பாலை வைத்திருக்கும் சென்னியப்பன் ஆளனுப்பி என்னை வரவழைத்தார். நான் பத்திரிகைகளில் நையாண்டிக் கட்டுரை எழுதுகிறவன். அவரைப் பற்றிக்கூட ஒன்று எழுதியிருந்தேன். அதை அவர் படிக்கவில்லை என்பதுதான் இந்த வேலைக்கு எனக்கிருந்த தகுதி.

"ஏனுங்க ரைட்டர், ஒரு வரலாறு எழுதோணுமுங்க."

"உங்க குடும்பத்துக்குங்களா?"

"குடும்பத்துக்குப் போன வருசமே எழுதியாச்சு. இது வண்டிக்கு. சீமைக்காரன் ஒருத்தன் வெலைக்குக் கேக்கறான். வரலாறு இல்லாம தொடமாட்டேங்கறான்."

வண்டி என்றது, 1954-ல் இங்கிலாந்தில் வார்டன்-ஹேல் என்ற சின்னக் கம்பெனி செய்த பந்தயக் கார். இரண்டு பேர் உட்காரலாம். கூரை கிடையாது. கதவு என்று சொல்லிக்கொள்ள ஒரு பள்ளம். மொத்தம் ஏழு வண்டி செய்துவிட்டுக் கம்பெனி திவாலானது. (விற்காமல் போன சாமான் நாற்பது வருடம் தாக்குப்பிடித்தால் அதற்குப் பெயர் அரும்பொருள்.) இது ஏழில் ஐந்தாவது.

2

தொடக்கங்கள். நான் எழுதி அடித்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

"வேகத்தின் தேவதை 1957-ல் கொச்சித் துறைமுகத்தில் வந்திறங்கியபோது—"

இறங்கியது மரப்பெட்டி. வரவழைத்தவர் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் துரை.

"சோழவரம் ஓடுதளத்தில் மூன்று முறை வெற்றி—"

பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். மூன்று முறை கலந்துகொண்டிருக்கிறது. ஒரு முறை கடைசிவரை ஓடியிருக்கிறது.

"1961-ல் சென்னியப்பனின் தந்தையார் இதன் அருமையை உணர்ந்து—"

துரை ஊர் திரும்பும் அவசரத்தில் ஒரு பியானோவோடு சேர்த்து அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பியானோ வீட்டுக்குள் போனது. வண்டி பஞ்சுக் குடோனுக்குப் போய் முப்பது வருடம் கிடந்தது.*

"1993-ல் புத்துயிர் பெற்று, 1994-ல்—"

இந்த வாக்கியம் நின்றுவிட்டது. மூன்று மாதம் நின்றது.

* அதன் சீட்டில் கோழி அடைகாத்ததாக வாட்ச்மேன் சொன்னான். "பறவைகளும் விரும்பிய இருக்கைன்னு போட்டுக்கலாமுங்களா?" என்று முதலாளி கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

3

1994 பற்றி முதலாளி சொன்னது:

"ஆரோக்கியதாஸ்னு ஒரு மெக்கானிக்குங்க. நல்ல வேலைக்காரன்தான். தண்ணியப் போட்டுட்டு, சொல்லாமக் கொள்ளாம வண்டிய எடுத்துட்டுப் போயி, புளியம்பட்டி தாண்டி மரத்துல உட்டுப்போட்டான். அங்கயே போய்ச் சேந்துட்டான். வண்டிக்கு முன்பக்கம் பூராவும் போச்சுங்க."

முன்பக்கத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

உண்மையைச் சொல்வதானால், அந்தப் பாத்திரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கோடீஸ்வரனின் பொம்மையைக் குடிபோதையில் உடைத்த மெக்கானிக். என் மாதிரி ஆளுக்கு இதைவிடத் தோதான தீனி கிடைக்குமா? "ஆரோக்கியதாஸ் இரண்டாவது கிளாஸைக் கவிழ்த்தபோது" என்று ஒரு பத்தி ஜோராக எழுதினேன். எந்தச் சரக்கு, எந்தக் கடை என்று கேட்டு எழுதினால் நம்பும்படி இருக்குமே என்று போத்தனூருக்குப் போனேன். ரயில்வே காலனிக்குப் பின்னால், அவர் மனைவி அருள்செல்வியின் வீடு.

"குடிச்சாருங்களா?" என்றார் அந்த அம்மாள். "எம்பத்தாறுல மாதா கோயில்ல சத்தியம் பண்ணி உட்டவருங்க. எட்டு வருசம் மோந்துகூடப் பாக்கல. அன்னிக்கு ஞாயித்துக்கிழம. பூசைக்குக் கெளம்பி நிக்கறோம், மில்லு ஜீப் வந்து நிக்குது. சத்தியமங்கலம் தோட்டத்து பங்களாவுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்களாம், வண்டிய ஓட்டிட்டு வந்து காட்டச்சொல்லி முதலாளி உத்தரவாம். திருடப் போறவனுக்கு யாருங்க ஜீப் அனுப்புவாங்க?"

"ஜீப் டிரைவர்கிட்டக் கேட்டீங்களா?"

"அந்தாளுக்கு இப்ப ஒண்ணும் ஞாபகமில்லீங்க. நல்ல மனுசன். வேலை போயிருமில்ல."

பிறகு காரியத்துக்கு வந்தார். ஆரோக்கியதாஸின் தம்பியும் டிரைவர். இரண்டு வருடமாக எந்த வேலையும் நிலைக்கவில்லை. "வண்டி திருடுன ஆளோட தம்பிக்கு எவனுங்க சாவி குடுப்பான்? அவன் சம்பாத்தியமும் சேந்துதான் எங்க ஊட்டுக்குச் சோறு. நீங்க புஸ்தகம் எழுதறீங்களாமே. முதலாளி சொல்லித்தான் ஓட்டுனாருன்னு ஒரு வரி. எங்க ஊட்டுக்காரர் பேரைப் போட்டு. போதுமுங்க."

"போடறேனுங்க," என்றேன்.

கிளாஸ் பத்தியை அன்றே கிழித்தேன். பாத்திரம் குடிக்க மறுத்துவிட்டது.

4

வண்டி ஏன் மரத்துக்குப் போனது? மில் ஃபிட்டர் ஒருவர் தணிந்த குரலில், உக்கடத்தில் உமர் பாரூக்கைப் பாருங்கள் என்றார். உமர் பாரூக் வார்ப்படத்துக்கு மர அச்சு செதுக்குகிறவர். இந்த ஊரில் பம்புசெட்டிலிருந்து மாவு கிரைண்டர் வரை எல்லாம் உருக்கி ஊற்றிச் செய்ததுதான். எதைக் கேட்டாலும் "சாம்பிள் இருக்குதுங்களா?" என்பார்கள். இருந்தால் போதும், அடுத்த வாரம் அது இரண்டாக இருக்கும்.

"தொண்ணூத்தி மூணுல முதலாளியே வந்தாருங்க," என்றார் உமர் பாரூக், உளியைக் கீழே வைக்காமல். "கையில ஸ்டீயரிங் ஆர்ம். ஸ்டீயரிங்கையும் முன்சக்கரத்தையும் சேக்கறது. ஒரு சாண் நீளம். கீறல் உட்டிருந்துச்சு. இதே மாதிரி ஒண்ணு வேணும்னாரு. ஐயா, இது காய்ச்சி அடிச்ச இரும்பு, நாங்க ஊத்தறது அதிர்ச்சி தாங்காது, படக்குனு போயிரும்னேன். ஓடறதுக்கில்ல பாய், கண்ணாடிக்குப் பின்னால நிக்க வெக்கறதுக்குன்னாரு. சரின்னு செஞ்சுபோட்டேன்."

"தாஸுக்கு இது தெரியாதுங்களா?"

"எங்கீங்க தெரியும்? சீமையிலிருந்து பார்சல்ல வந்துச்சுன்னு முதலாளி சொல்லிக் குடுத்திருக்காரு. ஊர்ச் சாமான் மாட்டுனதுன்னு வெளிய தெரிஞ்சா ஒரிஜினல்ங்கற பேரு போயிருமில்ல. சொந்த மெக்கானிக்குட்டயே சொல்லல."

"மெக்கானிக் பார்த்தாத் தெரிஞ்சிருக்காதா?"

உமர் பாரூக் உளியை வைத்துவிட்டார்.

"தெரிஞ்சிருக்குமுங்க. தாஸு எந்தச் சாமானையும் மூணு தடவ திருப்பிப் பாக்கற ஆளு. ஆனா சாம்பிள்ல கம்பெனி பேரு மேடாத் தட்டியிருந்துச்சு. நான் அதையும் செதுக்கிட்டேன். ஒவ்வொரு எழுத்தா. யாரும் கேக்கல. சாம்பிள்னா சாம்பிள் மாதிரியே இருக்கோணும், அது நம்ம கைப்பழக்கம். திருப்பிப் பாத்திருப்பாரு, பேரைப் பாத்திருப்பாரு, நம்பி மாட்டியிருப்பாரு."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னா முதலாளியையா புடிப்பாங்க? செஞ்ச கை இதுதான."

[உமர் பாரூக்கையே குற்றவாளியாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். எல்லாருக்கும் வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததால் கிழித்தேன். அந்த ஒரு நல்ல காரியத்தை இங்கே பதிவு செய்துகொள்கிறேன், ஏனென்றால் அடுத்த பகுதி வருகிறது.]

5

முதலாளியின் அறை. ஏர்கண்டிஷன். நான், அவர், ஒரு தாள்.

நான் எழுதிப்போனது: "1994-ல் முதலாளியின் உத்தரவின்பேரில் வண்டியை ஓட்டிச்சென்ற மெக்கானிக் ஆரோக்கியதாஸ், உள்ளூர் வார்ப்படமான ஸ்டீயரிங் பாகம் முறிந்ததால் உயிரிழந்தார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"உள்ளூர் வார்ப்படம்னா சீமைக்காரன் ஓடிப்போயிருவானுங்க. அதை எடுத்துருங்க." எடுத்தேன். "உத்தரவுன்னா என்னமோ நான் கொன்னாப்புல இருக்குது." எடுத்தேன். "நானும் ஒரு படி எறங்கி வாரேன். குடிச்சான்னு போட வேண்டாம். திருடுனான்னு போட வேண்டாம். சரிங்களா?" எனக்கு ஜெயித்துவிட்டதுபோல இருந்தது. "உயிரிழந்தார்னு எதுக்குங்க? சாவு நடந்த வண்டிய எவன் வாங்குவான்? சாவே இல்லாதப்போ பேரு மட்டும் எதுக்குங்க?"

மிஞ்சியது இது: "1994-ல் ஒரு சோதனை ஓட்டத்தின்போது முன்பகுதிக்குச் சேதம் ஏற்பட்டு, மூல வடிவம் மாறாமல் சீர்செய்யப்பட்டது."

இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். குடிகாரன் போய்விட்டான், திருடன் போய்விட்டான், கூடவே ஆளும் போய்விட்டார். பிறரது ஆடம்பர வாக்கியங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிப் பிழைத்தவன் நான். இதில் கிழிக்க ஒரு நூல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஒரு கல்லூரிப் பேராசிரியர் புத்தகத்தை ஆங்கிலமாக்கினார். வழவழத் தாள், நாற்பத்தெட்டு பக்கம், தமிழில் பிரதி கிடையாது. வண்டி தை மாதம் கப்பலேறியது.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) நான் போத்தனூருக்குப் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். இதில் நான் நல்லவனாகத் தெரிகிறேன். அதனாலேயே யாரும் நம்பமாட்டார்கள்.

(ஆ) ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டி, "இங்கே இருக்குதுங்க" என்று இல்லாத வரியை அந்த அம்மாளுக்கு வாசிக்கிறேன். தம்பி அதை எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போவான். அங்கே ஆங்கிலம் படித்த ஒருவர் இருப்பார்.

(இ) திருத்திய இரண்டாம் பதிப்பு வருகிறது. (சிரிக்காதீர்கள்.)

மூன்றும் வேண்டாமென்று பேனாவை மூடியபோது வாசலில் குரல் கேட்டது. "ஏனுங்க, இருக்கீங்களா?"

அருள்செல்வி. மில் பியூன் ஒருவரிடம் கேட்டு வாங்கிய புத்தகம் கையில். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. அதற்காகக் கணவரின் டிரைவிங் லைசென்ஸைக் கொண்டுவந்திருந்தார். அதில் அவர் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. முதல் எழுத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு, புத்தகத்தில் அது வரும் இடமெல்லாம் நின்று, மற்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்திருக்கிறார்.

"ரெண்டு தடவ பாத்துட்டனுங்க. எனக்குத்தான் புடிபடல போல. நீங்களே எழுதுனது, உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார். விரல் நின்றது.

"இதுங்களா?"

"இல்லீங்க. அது அவிநாசி ரோடு."

பக்கம் திரும்பியது.

"இதுங்களா?"

"அது ஆகஸ்ட் மாசமுங்க."

அந்த அம்மாளுக்கு அவசரமில்லை. நாற்பத்தாறு பக்கம் பாக்கி இருக்கிறது. விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு நேரம் என்கூட வந்தீர்கள். இந்த முறை நீங்கள் பதில் சொல்லுங்கள்.