பவுன்தாய் ஒப்படைத்த வெயில்

ஒரு ஊருக்கு ஒரு கரண்ட் ஆபீஸ் இருந்ததாம். அந்த ஆபீசுக்கு ஒரு விதி இருந்ததாம். மாடியில் சோலார் பலகை மாட்டி, மிஞ்சுகிற கரண்டை வாரியத்துக்கே திருப்பிவிட நினைக்கிறவர்கள், அனுமதி வரும்வரை, பலகை மாட்டப்போகும் இடத்து வெயிலைச் சுருட்டிக் கொண்டுவந்து ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். வேண்டியது நூறு சதுர அடி.

அந்த ஊரில் பவுன்தாய் என்று ஒருத்தி வத்தல் போட்டுப் பிழைத்தாள். இருபத்தாறு வருஷம் அண்டாவில் கூழ் கிண்டியதில் வலது தோள் செத்துப்போயிருந்தது. அந்தக் கையைத் தூக்கித் தலை வார முடியாது. அதனால் கூழ் கிண்ட ஒரு மோட்டார் வாங்கினாள். மோட்டாருக்கு ஆகும் கரண்டைச் சமாளிக்க சோலாருக்கு மனுப் போட்டாள். அப்போது மாசி மாதக் கடைசி. பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாதம் மாடியில் காய்வதுதான் அவளுக்கு வருஷச் சோறு.

காலை பத்து மணி வெயில்தான் சுருட்டுவதற்குப் பதம். அதற்கு முன்னால் எடுத்தால் கிழியும், உச்சியில் எடுத்தால் கையைப் பொசுக்கும். வேட்டியிலிருந்து வத்தலைப் பிரிக்கிற மாதிரியே பவுன்தாய் ஓரத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து உரித்தாள். ஒரு பொத்தல் விழவில்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடி முழுசும் எதுக்கு உரிக்கிறீக மதினி? நூறு அடிதான கேட்டிருக்கான்."

"அளவு குறையுதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிறப்படாதுல்ல."

தராசில் நிறுத்த பிறகு ஒரு கை வத்தலைச் சேர்த்துப் போடாமல் பவுன்தாய் எந்தப் பொட்டலத்தையும் கட்டியதில்லை. ஆகவே எண்ணூறு அடி மாடியையும், படிக்கட்டில் விழுந்த துண்டையும் சேர்த்துச் சுருட்டினாள்.

ஆபீசில் மனு வாங்கும் கிளார்க் தெய்வசிகாமணி அளந்து பார்க்கவில்லை. சணல் கட்டி, சீட்டு ஒட்டி, ரெக்கார்டு ரூமில் சாய்த்து வைத்தார்.

"அறுபது நாள்ல ஆள் வந்து பாப்பாங்க. போயிட்டு வாங்கம்மா."

பங்குனி பிறந்தது. தெருவெல்லாம் தார் இளகியது. பவுன்தாயின் மாடி மட்டும் கிணற்றின் உள்பக்கம் மாதிரி கிடந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் காக்கைகள் வந்து அடைந்தன. கரண்டுக் காசுக்குப் பயந்து மோட்டாரைப் போடாமல், தோள் வலிக்க வலிக்க அவள் கையாலேயே கூழ் கிண்டி வேட்டியில் பிழிந்து பார்த்தாள். மூன்றாம் நாள் வத்தலில் சாம்பல் நிறத்தில் ரோமம் முளைத்தது. வழித்துக் கொட்டிவிட்டு மறுபடி பிழிந்தாள். மறுபடியும் முளைத்தது. பங்குனி முழுக்க இப்படியே போயிற்று.

சித்திரைக் கடைசியில் உதவிப் பொறியாளர் நர்மதா டேப்போடும் டார்ச் லைட்டோடும் வந்தாள். பார்த்தால் நல்ல பெண். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மாடி ஏறினாள்.

"வெயிலே இல்லையேம்மா."

"ஒங்க ஆபீஸ்லதான் மேடம் இருக்கு."

"அது தெரியும்மா. எல்லார் வீட்லயும் பக்கத்துல விழுற வெயில வச்சு அளந்துக்குவோம். நீங்க ஒரு அடிகூட மிச்சம் வைக்கலையே."

டார்ச் வெளிச்சத்தில் எழுதினாள்: 'இவ்விடத்தில் வெயில் இல்லை. சோலாருக்குத் தகுதியற்றது.' கீழே இறங்கும்போது கேட்டாள்.

"மோர் மிளகாய் ரெண்டு பாக்கெட் கிடைக்குமா?"

"வெயில் இல்ல மேடம்."

"ஆமால்ல," என்று சொல்லிவிட்டு நர்மதா வண்டியைக் கிளப்பினாள்.

வைகாசி மூன்றாம் தேதி, மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. பவுன்தாய் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

"சோலார் வேணாம் சார். என் வெயிலக் குடுத்துருங்க. இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கு. பாதி வத்தலாவது போட்டுருவேன்."

தெய்வசிகாமணி அவளை ரெக்கார்டு ரூமுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவளுடைய வெயில் தரை நிறைய விரிந்திருந்தது. கொடிக்கயிறு விழுந்த கோடும், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நைந்த மூலையும் அப்படியே இருந்தன. அதன்மேல் இரண்டு குடைகளும், வாட்ச்மேனின் சட்டையும், சூப்பிரண்டு வீட்டு வத்தலும் காய்ந்துகொண்டிருந்தன.

"சுருட்டியே வச்சா வெயில்ல பூச்சி விழுந்துரும்மா. அதான் பிரிச்சுப் போட்டோம்."

பவுன்தாய் குனிந்து ஒரு வத்தலை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"அடி ஈரமா இருக்கு சார். திருப்பிப் போடணும்."

சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து இடது கையால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். முடிக்கிறவரை தெய்வசிகாமணி காத்திருந்து, பிறகு ரிஜிஸ்டரை விரித்தார்.

"எங்க மனுப் பாரத்துல நூறு அடிக்குத்தான்மா இடம் இருக்கு. மிச்ச எழுநூறு அடி நீங்களா குடுத்தது. அத வாங்கினதுக்கும் பாரம் இல்ல, திருப்பறதுக்கும் பாரம் இல்ல."

"அந்த நூறு அடியவாவது தாங்க."

"அது நிகரக் கணக்குல போகுது. அறுபத்தொன்பது நாளா ஒங்க எண்ணூறு அடி மாடிக்கு நம்ம வாரியத்து இருட்டு வந்திருக்கு. அதுல இந்த நூறு அடி வெயிலக் கழிச்சா, எழுநூறு அடி இருட்டு நீங்கதான் வாரியத்துக்குத் தரணும்."

"நான் இருட்டு கேக்கலையே சார்."

"யாரும்மா கேப்பா? வெயில எடுத்தா அந்த எடத்துக்கு எதையாவது குடுக்கணும்ல. வெறுமனே விட்டுற முடியுமா?"

பவுன்தாய் ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தாள்.

"இருட்டக் கட்டிட்டா வெயிலுக்குப் புதுசா மனுப் போடலாமா?"

"தாராளமா."

"எங்க வீட்டு ராத்திரியக் கொண்டாந்தா எடுத்துக்குவீகளா?"

தெய்வசிகாமணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "எடம் இருக்கு," என்றார்.

மறுநாள் அவள் உளுந்து மூட்டைக் கோணியில் ராத்திரியை மடித்துக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை வீட்டிலேயே ராக்கம்மாளை வைத்து இரண்டு முறை அளந்திருந்தாள். தெய்வசிகாமணி மேஜைமேல் போட்டு அளந்தார். சரியாக எழுநூறு அடி. அவர் மடிக்கப் போனபோது பவுன்தாயின் கை தானாகக் கோணிக்குள் போய், அடியில் கிடந்ததில் ஒரு பிடி அள்ளி மேலே போட்டது.

"இருக்கட்டும் சார்."

அதற்குப் பாரம் இல்லாததால் அவர் அதைத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்கம்மா. சாப்பிட்டு வந்து ரசீது போடுறேன்."

சாப்பாடு முடிந்தது. பூச்சி விழாமல் இருக்க ராத்திரியை மீட்டிங் ஹாலில் பிரித்துப் போட்டார்கள். சூப்பிரண்டு ஒரு ஓரத்தில் படுத்தார். வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். தெய்வசிகாமணி ரசீதுப் புத்தகத்தை நெஞ்சில் வைத்தபடி தூங்கிப்போனார். நர்மதாவும் வந்து செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

பவுன்தாய் பெஞ்சில் சாயங்காலம் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருஷம் கூழ் கிண்டிய அசதியோடு அவள் படுத்த ராத்திரிதான். அதில் படுத்தவர்கள் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ரெக்கார்டு ரூமுக்குப் போய், சூப்பிரண்டு வீட்டு வத்தல் காய்ந்திருந்ததைப் பார்த்து, வாரி டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். அடியில் கிடந்த தன் வெயிலை, ரசீது இல்லாததால், அப்படியே விட்டாள். ஹால் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். காலிக் கோணியை உதறி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசல் இறங்கித் தெருவோடு நடந்து போனாள்.