வாஸ்லின் பூசாத வளையம்

பாய்மரத்தைத் தூக்கச் சொன்னால் கிரேன் படகையே தூக்கியது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். கிரேன் ஓட்டுபவருக்கு எங்கள் பட்டறையில் 'அவசரம்' என்று பேர். ஒரு நெம்புகோலைத் தொடுவதற்குள் இரண்டு முறை யோசிக்கிற ஆள் என்பதால் வைத்தது. அன்று அந்த நிதானம்தான் படகைக் காப்பாற்றியது. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பாசிக்கோடு ஒரு சாண் மேலே வந்து நின்றது. பிறகு மெல்ல உள்ளே போனது.

நான் இருபத்தாறு வருடமாகப் பாய்மரம் ஏற்றி இறக்குகிறவள். பேர்தான் மரம், இப்போதெல்லாம் அலுமினியம். இந்த மாதிரிப் படகில் அது மேல்தளத்து ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, படகின் அடியில் காலூன்றி நிற்கும். ஓட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதை அடைக்காவிட்டால் மழை நேராகப் படுக்கையில் பெய்யும். ரப்பர் உறை மாட்டலாம், இரண்டு வருடத்தில் வெடித்துவிடும். கொஞ்சம் விவரமானவர்கள் இரண்டு திரவங்களைக் கலந்து இடைவெளியில் ஊற்றுவார்கள். மறுநாள் அது செருப்பின் அடிப்பாகம் போல இறுகி, மரத்தைச் சுற்றி ஒரு வளையமாகிவிடும். ஊற்றுவதற்கு முன் ஓட்டையின் உள்சுவரில் வாஸ்லின் பூச வேண்டும். பூசினால், மரத்தை உருவும்போது வளையமும் கூடவே வரும், திரும்ப நிறுத்தும்போது கூடவே போய் உட்காரும். பூசாவிட்டால் மரமும் படகும் ஒன்றுதான்.

படகு ஒரு பெண்ணுடையது. முப்பது வயது தாண்டியவள், எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஒரு தீவு ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே குடியிருக்க வீடு கிடையாது, படகிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லித்தான் வாங்கியிருந்தாள். எங்கள் பட்டறை ஆற்றோரம் இருக்கிறது. கடலுக்குப் போகும் கால்வாயில் ஒரு தாழ்வான ரயில் பாலம். மரத்தைக் கழற்றிப் படகின் மேல் படுக்க வைத்தால்தான் அடியில் நுழைய முடியும். வெள்ளிக்கிழமை மாலையோடு மதகு வேலைக்காகக் கால்வாயை மூடுகிறார்கள். ஏழு மாதம் திறக்கமாட்டார்கள். ஏழு மாதம் எந்த ஆஸ்பத்திரியும் நாற்காலியைத் துடைத்துவைத்துக்கொண்டு காத்திருக்காது.

"யார் ஊத்தினது இது?" என்று கேட்டேன்.

"அப்பாதான்க்கா. போன மாசம் மழையில படுக்கையெல்லாம் நனைஞ்சிடுச்சுன்னு சொன்னேன். நான் டியூட்டிக்குப் போயிருந்தப்ப வந்து முடிச்சு வச்சிட்டுப் போயிட்டார். வாஸ்லின் மறந்துட்டார் போல. பாவம், வயசாகுது."

அப்பா கரையில் குடையோடு நின்றிருந்தார். மழை இல்லை. பல்செட் செய்யும் தொழிலில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எனக்குத் தெரியும், என் வாய்க்கும் தெரியும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கிக் கீழிருந்து பார்த்தேன். திரவம் ஒழுகாமலிருக்க அடிப்பக்கத்தை நாங்கள் களிமண்ணால் அப்புவோம். அவர் பல்லுக்கு அச்செடுக்கும் ரோஸ் நிற மெழுகை உருக்கி, ஈறு மாதிரி வளைத்து அடைத்திருந்தார். வளையத்தில் ஒரு குமிழி இல்லை. ஓரம் கத்தியால் சீவி, விரலால் தடவினாலும் தட்டாதபடி இருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்ததில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அவரைப் பட்டறைக்குப் பின்னால், பாய் உலர்த்தும் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன்.

"ஐயா, என் மேல் வரிசையில முன்னாடி இருக்கற நாலு பல்லு நீங்க செஞ்சது. பதினோரு வருஷம் ஆச்சு."

"தெரியும். இடது பக்கம் தேஞ்சிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க."

"முழிச்சிருக்கறப்பவும் கடிக்க வைக்கறாங்க. அதை விடுங்க. அளவு கொடுக்க வந்தப்ப நீங்க ஒரு அச்சுக்குள்ள என்னமோ தடவிட்டு இருந்தீங்க. எதுக்குன்னு கேட்டேன். 'தடவலைன்னா ஒட்டிக்கும், அப்புறம் உடைச்சுதான் எடுக்கணும்'னு சொன்னீங்க. முப்பது வருஷம் தினமும் தடவின கை. அன்னிக்கு மட்டும் எப்படி மறந்துச்சு?"

அவர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"மறக்கலை" என்றார். "டப்பாவைத் திறந்தேன். விரலை விட்டேன். அப்புறம் விரலைத் துடைச்சிட்டு மூடி வச்சிட்டேன்."

"ஏன்?"

"அவங்கம்மா பேரனைப் பார்த்துக்கறேன்னு பையன் வீட்டுக்குப் போய் மூணு வருஷம் ஆகுது. இவளும் போயிட்டா வீட்டுல நான் மட்டும்தான்."

"அதை வாயால சொல்லக் கூடாதா?"

"சொன்னா நின்னுடுவாளோன்னு பயம். நிக்கமாட்டாளோன்னும் பயம்."

எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிச்சலாக இருந்தது. பாவம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, கால்வாய் மூட மூன்று நாள்தான் இருந்தது.

"அவசரம் பேருக்கேத்த ஆளா இருந்திருந்தா மேல்தளம் பிய்ஞ்சு வந்திருக்கும். உங்க பொண்ணு அதுமேலதான் நின்னுட்டு இருந்தா."

அதை அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முகம் செத்துப்போனது. அங்கே கிடந்த பாய்த்துணிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அவகிட்ட சொல்லப் போறதில்ல" என்றேன். "வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு கிரேன் திரும்ப வரும். அதுக்குள்ள அந்த வளையம் வெளியில இருக்கணும்."

"எப்படி எடுக்கறது?"

"உடைச்சுதான் எடுக்கணும். நீங்களே சொன்னீங்களே."

புதன்கிழமை பட்டறையைத் திறக்கும் முன்பே வந்து நின்றார். கையில் பழைய தொழில் பெட்டி. எங்களிடம் இருக்கும் வாள் எதையும் அந்த இடைவெளியில் விட முடியாது, மரத்தைக் கீறிவிடும். அவர் பல் ராவும் குட்டி மிஷினை எடுத்து, நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேல்தளத்தில் குப்புறப் படுத்தார். மிஷின் சத்தம் கேட்டு அவசரம் தாடையைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். நானும் நாக்கால் என் நான்கு பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாளில் அரை வளையம்கூட வரவில்லை. பட்டாணி அளவுத் துண்டுகளாக வந்துகொண்டிருந்தன. மகள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தாள், தூளை ஊதித் தள்ளினாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. "முதுகு வலிக்குதாப்பா?" "இல்லம்மா." அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. வியாழக்கிழமை மதியம் முக்கால்வாசி முடிந்தபோது மிஷின் சூடாகி நின்றுவிட்டது. மீதியைச் சுரண்டியை வைத்துக் கையாலேயே சுரண்டினார். பொழுது சாயும் நேரத்தில் கடைசித் துண்டு படகுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. விரல்கள் மடங்காமல், கையை நீட்டியபடியே வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மரம் வெண்ணெயில் சொருகிய கத்தி போல மேலே வந்தது. அவசரமே ஆச்சரியப்பட்டு "அட" என்றார். பதினொரு மணிக்குப் படகு பாலத்தைத் தாண்டிவிட்டது.

சனிக்கிழமை கால்வாய்க்கு அந்தப் பக்கம், கடலோரப் பட்டறையில் மரத்தைத் திரும்ப நிறுத்தினோம். ஆப்பு வைத்து நேராக்கி, மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை முறுக்கிவிட்டேன். பழைய வளையம் தூளாகிவிட்டதால் புதிதாக ஊற்ற வேண்டும். ஊற்ற நானே வாளியை எடுத்தபோது பல்செட்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வலது கையில் மூன்று விரலுக்குக் கட்டு. பையில் மெழுகும் திரவ டின்களும் புது வாஸ்லின் டப்பா ஒன்றும் இருந்தன.

அவர் மெழுகை உருக்கி அடைத்து முடிக்கும்வரை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். புது டப்பாவின் மூடியில் அவர் கை வைத்தபோது, "அது வேணாம்ப்பா" என்றாள்.

படகுக்குள் போய் இன்னொரு டப்பாவைக் கொண்டு வந்து திறந்து வைத்தாள். நிரம்ப இருந்தது. வழவழவென்று இருந்த வாஸ்லின் நடுவே ஒரே ஒரு விரல் தடம்.

"செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கருவிப் பெட்டியில கிடைச்சுது" என்றாள்.

அப்பா அந்தத் தடத்தைப் பார்த்தார். நான் கம்பியை முறுக்குவது போல எதையோ முறுக்கினேன். எல்லாம் தெரிந்தேதான் இரண்டு நாளும் அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அம்மாடி..." என்று ஆரம்பித்தார்.

"ஒழுங்கா பூசுங்கப்பா. வருஷத்துக்கு ஒருதடவை மரத்தைக் கழட்டிப் பார்க்கணுமாம், அக்கா சொன்னாங்க. கழட்டறதுக்கு நீங்கதான் அங்க வரணும். வேற யாரையும் நான் தொட விடமாட்டேன்."

அவர் கட்டுப் போடாத விரலை அந்தத் தடத்திலேயே வைத்து எடுத்தார். ஓட்டையின் உள்சுவரைச் சுற்றிப் பூசினார். திரும்பப் பூசினார். மெல்லிசாக ஒரு பூச்சே போதும், இவர் சுவர் தெரியாத அளவுக்குப் பூசிக்கொண்டிருந்தார். டப்பா பாதிக்கு மேல் காலியானது. நான் போதும் என்று சொல்லவில்லை.