படையலின் முதல் துண்டு

காட்டேரி பூசைக்கு ஆக்கும் பன்றிக்கறியில் உப்புப் பார்க்கக் கூடாது. வெந்துவிட்டதா என்று ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போடவும் கூடாது. குரும்பகரத்து ராசாத்தி அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். மகள் நிலாவின் தலைப்பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டுமே! மழையில் நனைந்த விறகோ புகைந்து உயிரை எடுத்தது. பூசை போடும் கணவன் செல்லையன் அவசரப்படுத்த, அரைவேக்காட்டிலேயே படையலுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டாள். மிச்சம் அடுப்பிலேயே கிடந்து பூவாக வெந்தது. மற்றவர்கள் தின்றது அதைத்தான். பூசை போட்டவன் என்பதால் படையலின் முதல் துண்டு செல்லையனுக்கு.

மூன்றாம் நாள் அவனுக்குக் காய்ச்சல், கழுத்து விறைப்பு, பிதற்றல். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி என்றார்கள். உயிர் மிஞ்சியது, இரண்டு காதும் போய்விட்டன. "பன்னிக்கறி சாப்பிட்டாரா? நல்லா வெந்துதா?" என்று டாக்டர் கேட்டபோது ராசாத்தி கூசாமல், "நல்லா வெந்துதுங்க" என்றாள். உள்காதில் எலும்பு வளர்ந்து அடைப்பதற்குள், இந்த மாதத்திலேயே ஆபரேஷன் செய்து கருவி வைத்தால் கேட்கும் என்றார் அவர்.

செல்லையன் மசியவில்லை. "காதுக்குள்ள காட்டேரி உடுக்கை அடிக்கிறா," என்றான். கட்டில் சட்டத்தில் அவன் விரல் ஓயாமல் தட்டியது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். நோய் விட்டுப்போன இரைச்சல்தான் அது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பட்டப்பகலில் அந்த விரலைப் பார்த்தாலே ராசாத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இனியும் மறைத்தால் தான் மனுஷியே இல்லை என்று, நிலா செக்கப்புக்குப் போன நேரம் பார்த்து நோட்டில் எழுதி நீட்டினாள். 'சாமி இல்லை. கறி வேகலை. என் தப்பு. ஆஸ்பத்திரிக்கு வாங்க.'

படித்தவன் தன் குரலின் அளவு தெரியாமல் கத்தினான். "தெரியும். கடிச்சப்பவே உள்ள செவசெவன்னு இருந்துச்சு. துப்புனா நிலாவுக்கு ஆகாதேன்னு முழுங்கிட்டேன். காட்டேரி காதோட விட்டா. இப்பப் போயி காதைத் திருப்பிக் கேட்டா, பதிலுக்கு எதை எடுப்பா?"

ராசாத்தி நோட்டை வாங்கி மூடினாள்.

நிலா வந்ததும் வராததுமாக, "அம்மா, கைய வச்சுப் பாரேன், ஒரே ஒதை" என்று வயிற்றைக் காட்டினாள். ராசாத்தி கை வைத்தாள். மூன்று உதை, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் செல்லையனின் விரலும் கூடவே தட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு எப்பம்மா ஆபரேஷன்?"

நிலாவின் பிரசவத்துக்குச் சொல்லியிருந்த நாள் அடுத்த மாதக் கடைசி. ராசாத்தி நோட்டுத் தாளைக் கிழித்துக் கசக்கினாள்.

"மொதல்ல ஒனக்குப் புள்ள பொறக்கட்டும்."